துபாய் சாமான்

"கூடையில நெருக்கி அடுக்காதீங்க மாமி. உள்ள காத்து சுத்தி வரணும். அப்பத்தான் மொறுமொறுன்னு வரும்."

ஸைத் சொல்லச் சொல்ல, மாமியார் பதுருன்னிஸா இறால் வாடாவை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். டாக்டர் எண்ணெயை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அவர் பொரித்த வாடாவை வாயில் வைக்கவில்லை. அந்தக் குறை தீரட்டும் என்றுதான் மருமகன் லீவில் வரும்போது ஏர் ஃப்ரையர் கொண்டுவந்திருந்தான்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து நின்றாலும் அங்கே அவன் பாதி விருந்தாளிதான். வெறுங்கையோடு வந்து நிற்க எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்?

முதல் நாள் போட்ட வாடா சொதப்பிவிட்டது. மாவு தளர்ந்து கூடையின் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டது. மாமியார் சுரண்டித் தின்று பார்த்துவிட்டு, வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி இருக்கிறது என்றார். இன்று ஸைத் மாவைக் கெட்டியாகப் பிசையச் சொன்னான். மிஷினைக் கொஞ்ச நேரம் காலியாக ஓடவிட்டுச் சூடாக்கினான். வாடாவின் மேல் எண்ணெயைத் தொட்டுத் தடவி, பாதியில் திருப்பியும் போட்டான். சிவக்கச் சிவக்க வந்தது. மாமியார் கடித்துப் பார்த்து, "மோசமில்லே" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிய காரியம்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஸைத் வாங்கிய கதையைச் சொன்னான். துபாயில் கடை கடையாக ஏறி இறங்கினானாம். கதவு வைத்த ஓவன் அடுக்களையில் இடத்தை அடைக்கும், சின்னக் கூடை என்றால் ஒரு ஆளுக்குத்தான் காணும் என்று யோசித்து, ஆறு லிட்டராகப் பார்த்து எடுத்தானாம். எடுத்ததைக் கட்டி வைக்காமல் துபாய் ரூமிலேயே ஒரு மாதம் கோழியும் மீனும் போட்டுக் கை பழகிக்கொண்டானாம். அதை அவன் மனைவி ஆஃபியாவும் வீடியோ காலில் பார்த்திருக்கிறாள்.

பெண்கள் வாடாவைத் தின்றபடி, வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஒரு மாப்பிள்ளையின் கதையை எடுத்தார்கள். பதுருன்னிஸாவுக்கு அது ஆகவே ஆகாது.

"பொஞ்சாதி வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு வாசல்ல உக்காந்து ஈக்குறான். அவன் உம்மா எப்படித்தான் வெளிய தலை காட்டுறாளோ. எங்க மாப்பிள்ளையப் பாருங்க, பெட்டி பெட்டியா கொண்டாந்து எறக்குறாஹ."

ஸைத் சிரித்துக்கொண்டான். ஆஃபியா கூடையைக் கழுவினாள்.

அன்று மத்தியானம் தனியாக இருக்கும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"சம்பாதிச்சது போதும். இனி அங்க போவ வேண்டாம். பஜார்ல கடை ஒண்ணு காலியா ஈக்குது. இருக்கிறதைப் போட்டு எடுத்துருவோம்."

அரபி விடமாட்டான், லீவு முடிந்தால் போய்த்தான் ஆக வேண்டும் என்றான் ஸைத். அவள் விடவில்லை. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போன இடத்தில் கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள். உம்மா சொல்வதையெல்லாம் மனசில் வைக்க வேண்டாம், இது என் வீடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். அப்புறம் கடலைப் பார்ப்பான், அல்லது தட்டைப் பார்ப்பான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

லீவு முடிந்தது. சென்னை போய் விமானம் ஏற வேண்டும் என்று ரயிலுக்குக் கிளம்பினான். ஆட்டோ வாசலில் நின்றது. மாமியாரிடம் ஸலாம் சொல்லிவிட்டு வந்தவனை ஆஃபியா நடையில் நிறுத்தினாள்.

"ரயிலுக்கு நேரம் ஈக்குது. என்கிட்ட எதுவும் சொல்லணுமா?"

அவன் கண் கலங்கியிருந்தது. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"வாடாவைப் பாதியில திருப்பிப் போட மறந்துராதே" என்றான். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினான்.

அவன் போன வருத்தத்தில் பதுருன்னிஸா கொஞ்ச நேரம் புலம்பினார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்றார். பிறகு நாலு வாடா போடச் சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

ஆஃபியா அடுக்களைக்கு வந்து ஏர் ஃப்ரையரின் பிளக்கைக் கையில் எடுத்தாள். துபாய் சாமானுக்கெல்லாம் பிளக்கில் தட்டையான மூன்று முள் இருக்கும். நம் சுவரில் ஏறாது. அதற்காகவே காயல்பட்டினத்தில் வீட்டுக்கு நாலு அடாப்டர் கிடக்கும். இதிலும் ஒன்று மாட்டியிருந்தது.

அவள் அடாப்டரைப் பிடுங்கினாள். உள்ளே இருந்தது நம்மூர் உருண்டை முள்.

பெட்டியைப் பிரித்த அன்றே அதைப் பார்த்துவிட்டாள். அவன் ஒரு மாதம் சமைத்துக் காட்டிய துபாய் ரூம் இந்த நாட்டில்தான் எங்கேயோ இருக்கிறது, வேலை எப்போதோ போய்விட்டது என்று அப்போதே புரிந்துவிட்டது. உம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அடாப்டரைத் தேடி மாட்டியவளும் அவள்தான். போக வேண்டாம், போக வேண்டாம் என்று லீவு முழுக்க அவள் கேட்டது, அவனாகவே வாய் திறந்து சொல்லட்டும் என்றுதான். நேராகவே கேட்டிருக்கலாமே என்று தோன்றியபோது ரயில் அடுத்த ஸ்டேஷனான ஆறுமுகநேரியைத் தாண்டியிருந்தது.