குரங்கு பார்க்கும் கமிட்டிக்காரர்

டிவியில் ஒரு வாலில்லாக் குரங்கு இரண்டு காலில் நடக்கப் பார்த்துக் குப்புற விழுந்தது. அதன் முன்னால் கைகட்டி, ஜெபத்தில் இருப்பவரைப் போல் உட்கார்ந்திருந்தார் ஞானையா.

வாசலில் செருப்பைக் கழற்றிய போதகர் ஜெஃப்ரிக்குப் பகீரென்றது. சபையில் பேசிக்கொண்டது நிஜம்தான்.

"யாரது, கேபிள்காரனா?" என்று கேட்ட ஞானையா, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்ட பிறகே ஆளைக் கண்டு எழுந்தார். போதகர் உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மறுபடியும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு சபைக் கமிட்டியே கதியென்று கிடந்தவர். ஆதாமை யாராவது இளக்காரமாகப் பேசினால் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வருவார். அப்பேர்ப்பட்டவர் இரண்டு வாரமாகச் சாயங்கால ஜெபக் கூட்டத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, மனிதன் குரங்கிலிருந்து வந்த கதையைப் பார்க்கிறார்.

இனியும் பார்த்தால் கமிட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாக முடிவாகியிருக்கிறது என்று ஜெஃப்ரி தயங்கித் தயங்கிச் சொன்னார். ஞானையா உதட்டில் விரலை வைத்து, விளம்பரம் வரட்டும் என்று சைகை காட்டினார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி கிருபையும் தம்ளரை நீட்ட மறந்து அப்படியே நின்றுவிட்டாள். குடும்பமே வழிதவறிப் போயிருந்தது.

வேறு வழியில்லாமல் ஜெஃப்ரியும் பார்த்தார். தமிழ்க் குரல் ஒன்று விளக்கிக்கொண்டே வர, குரங்குக்குத் தாடை உள்வாங்கியது, முதுகு நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் அசப்பில் சபைச் செயலாளர் நேசக்குமார் மாதிரியே இருந்தது. அந்த நினைப்பை ஜெஃப்ரி மனதுக்குள்ளேயே கடிந்து துரத்தினார்.

ஒருவழியாக விளம்பரம் வந்தது.

"பேர எடுத்துருங்க ஐயா," என்றார் ஞானையா நிதானமாக. "எனக்கு வருத்தமில்ல."

"கமிட்டிய விடுற அளவுக்கு அந்தக் குரங்குல என்ன அண்ணாச்சி இருக்கு?"

"குரங்க யாரு பாத்தா?" ஞானையா சட்டைப் பையிலிருந்த கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "அதுல தமிழ்ல பேசுதது, நாலு வருசமா எங்கிட்டப் பேசாத எம் மவன்."