பாதிக் கூடு

பனை ஓலை நுனியில் தூக்கணாங்குருவியார் கூடு பின்னிக்கொண்டிருந்தார். மழை தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும், மனைவி முட்டையிட.

பாதி பின்னியதும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவதுதான் அவர்கள் வழக்கம். இந்தத் தடவை முழுசாக முடித்து அசத்த நினைத்தார். அக்கம்பக்கத்தாரிடம் மட்டும் யோசனை கேட்டார்.

"கா! மாப்ளே, வாசல் இம்புட்டுத்தானா? தாராளமா வைய்யா!" என்றது காக்கை. வாசல் பெரிதானது.

"கீச்கீச்! அண்ணே, கொட்டை போட்டு வைக்க ஒரு மூலை, ஒரே ஒரு மூலைண்ணே!" என்றது அணில். மூலையும் வந்தது.

கடைசியில் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இதுல யாரு குடியிருக்கப் போறது?"

"நீதான்!"

"காக்கா நேரா உள்ள வந்து முட்டையைத் தின்னுட்டுப் போகும் போலிருக்கே."

குருவியார் அகன்ற வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"போன வருஷம் பாதிக் கூட்டுல ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆடினோமே, ஞாபகம் இருக்கா? நான் குறை சொல்லச் சொல்ல, முணுமுணுத்துக்கிட்டே பிரிச்சுப் பின்னினீங்க. பச்சை நார் வாசனை இன்னும் மூக்குலயே இருக்கு."

அவருக்கும் இருந்தது. பக்கத்து ஓலையில் புதிதாகத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக் கூப்பிட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள். காற்றில் கூடு போன வருஷம் போலவே ஆடியது.

"வாசல் இன்னும் கொஞ்சம் சின்னதா..."

"கா! மாப்ளே, என்னை ஒரு வார்த்தை கேட்கலையே!"

குருவியார் முணுமுணுத்தபடி வாசலில் இன்னொரு நாரைச் சேர்த்து இறுக்கினார்.