கொல்லையில் கிடந்த மூங்கில்

மாசானம் பிழைக்கமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த அன்றே, அவர் தம்பி பாடைக்குப் பச்சை மூங்கில் வாங்கிக் கொல்லையில் போட்டுவிட்டான். மனுஷர் பிழைத்து வந்துவிட்டார். வந்தவர், காய் கனத்தில் சாய்ந்து கிடந்த தக்காளிச் செடிகளுக்கு முட்டுக்கொடுக்க அந்த மூங்கிலையே எடுத்தார். பார்த்த பெண்டாட்டி ஆவுடையம்மாள் ஓடிவந்து தடுத்தாள், பாவம்.

“அதத் தொடாதிய. சவுக்குக் கம்பு வாங்கிட்டு வாரேன்.”

“ஏட்டி, நல்ல மூங்கி கெடக்கும்போது சவுக்கு எதுக்கு?”

விளையாட்டு மனுஷர். மூங்கிலைப் பாத்தியோரம் கிடத்தி, பக்கத்திலேயே தானும் மல்லாந்து நீட்டிப் படுத்தார். “என்னய அளந்து வாங்குனாப்புல இருக்கு பாரு!”

“ஐயோ, எந்திரிங்க!” அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தருகே கிடந்த காயையே பார்த்தபடி, சிரிப்பில்லாமல் கேட்டார்: “தம்பிதானே வாங்குனான்?”