அதுக்கென்ன, வந்தாப் போச்சு

கேஸ் சிலிண்டரைத் தூக்கிவந்து உள்ளே வைத்த ஆளிடம் பூவாத்தாள் சொன்னது இவ்வளவுதான்.

"ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போ கண்ணு."

வாசல்படி ஏறுகிற எல்லோரிடமும் சொல்வதுதான். "இருக்கட்டுங்க, இப்பத்தான் சாப்புட்டேன்" என்பார்கள். "அட, இருந்துட்டுப் போலாங்க" என்பாள். அதோடு சரி. சோற்றுப் பானைப் பக்கம் யாரும் போவதில்லை.

ஒத்தாசைக்குச் சிலிண்டரைத் தூக்கிவந்த சுசாந்த், பின்னால் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரன், பனியன் கம்பெனி டெய்லர். இந்தப் பழக்கத்தை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கையைக் கழுவிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

புருஷன் கிட்டுசாமிக்கு எடுத்து வைத்திருந்த சோறு மொத்தமும் காலி. ரசத்தை வேறு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தான். கிட்டுசாமிக்கு அன்றைக்கு உப்புமாதான். முகம் அஷ்டகோணலானது.

கிளம்பும்போது சுசாந்த், "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம ரூமுக்குச் சாப்பிட வாங்கம்மா" என்றான்.

"அதுக்கென்ன கண்ணு, வந்தாப் போச்சு."

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டு நல்லம்மாளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பேச்சுக்குச் சொன்னால் உட்கார்ந்துவிடுவதா, இரண்டு தரமாவது வேண்டாமென்று சொல்ல வேண்டாமா என்று ஒரே பொருமல். "பேச்சுக்குச் சொல்றது எது, நெசமாச் சொல்றது எதுன்னு தெரியாத சனம் நல்லம்மா" என்று முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோழிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, மூன்றரை மணிக்கு டி.வி. முன்னால் கண் சொருகிக் கிடந்தாள் பூவாத்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வெளியே சுசாந்த், தேய்த்த சட்டையில். முகத்தில் கோபம் இல்லை, கவலைதான்.

"உடம்பு சரியில்லையாம்மா? சோறு ஆறிப்போச்சு. பரவால்ல, சூடு பண்ணிக்கலாம். நீங்க வர்றேன்னு சொன்னீங்கல்ல, ரூம்ல ஏழு பேரும் இன்னும் சாப்பிடாம உக்காந்திருக்கோம்."

அவளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அப்படிச் சொன்னதையே மறந்துபோயிருந்தாள். எட்டிப் பார்த்த கிட்டுசாமி எதையோ சொல்ல வாயெடுத்தார். ஒரு முறைப்பு முறைத்து அவரை அடக்கினாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு. உங்க ஊட்டுல சாப்புடறதுக்காவத்தான் காத்தாலருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கேன்" என்று, வந்த ஏப்பத்தை விழுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.