நான்காவது குரல்

"உள்ள ஒரு ஆம்பளை பாடறான்னு புகார் வந்திருக்கு. கதவைத் திறங்கம்மா."

ஆயரின் விசாரணை அதிகாரி ஆஸ்கானியோ சாமி, கன்னியர் மடத்தின் உள்வாசலில் நின்றுகொண்டு கடிதத்தை நீட்டினார். கோணல்மாணலான எழுத்தில் ஒரு மொட்டைக் கடிதம். இத்தாலியின் போலோனா நகரத்தில் மொட்டைக் கடிதத்துக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. ஆனால் இதை எழுதியவர் விஷயம் தெரிந்த ஆள். சகோதரி டியோடாட்டா இயற்றிய நான்கு குரல் திருப்பாடலைக் கதவடைத்து ஒத்திகை பார்க்கிறார்கள், அதில் அடிக்குரல் பாட ஓர் ஆண்பிள்ளையை உள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று விவரமாக எழுதியிருந்தது.

மடத்துத் தலைவி ஃபுல்வியா கடிதத்தை நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தாராளமா தேடுங்க சாமி."

"ஆள் கிடைச்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல? இந்த மடத்துல இனிமே பாட்டே கிடையாது. புத்தகத்தையெல்லாம் அள்ளிட்டுப் போயிடுவேன். உங்க பதவியும் போயிடும்."

"தெரியும். கிடைச்சாத்தானே?"

சாமி சொன்னதைச் செய்கிற மனிதர்தான். போன வருடம் இதே ஊரில் இன்னொரு மடத்தின் வாயை அப்படித்தான் அடைத்தார். கோயிலில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் கன்னியர் பாடுவதை ஊரே வந்து கேட்கும். பாடுகிற முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. வதந்தி கிளம்ப அது போதாதா?

காலை முழுக்கத் தேடினார். ஒவ்வோர் அறையிலும் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். மாவு அறைக்குள் போய் வெள்ளை வெளேரென்று வெளியே வந்தார். நிலவறையில் ஒயின் பீப்பாய்களை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்த்தார். கோழிக்கூட்டைக்கூட விடவில்லை. அங்கேதான் ஒரு சேவல் இருந்தது.

கடைசியில், அந்தப் பாட்டைக் கேட்டே ஆகவேண்டும் என்றார். அதற்கென்ன என்று ஃபுல்வியா பாடகிகளை வரவழைத்தார். குரலுக்கு ஒன்றாக நான்கு புத்தகங்கள். அவரவர் வரி மட்டும்தான் அவரவர் புத்தகத்தில் இருக்கும். மூன்றைத் திறந்தார்கள். நான்காவது, சாமிக்குப் பக்கத்தில் இருந்த தாங்கியின்மேல் மூடியே கிடந்தது.

மூன்று குரல்கள் எழுந்தன. இயற்றிய டியோடாட்டா பாடவில்லை. இடது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது காது போய் ஒரு வருடமாகிறது. இடது காது பனிக்காலம்வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆஸ்கானியோ சாமி நெளிந்தார். இளவயதில் பேராலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் என்றால் அவர்தான். ஈஸ்டருக்கு அவரைக் கேட்பதற்கென்றே ஆட்கள் நடந்து வருவார்கள். பதவி வந்தது, பாட்டு போனது. ஆனால் காது அப்படியே இருந்தது. மூன்று குரல்களும் அந்தரத்தில் தொங்குவதை அந்தக் காதால் பொறுக்க முடியவில்லை.

"அடிக்குரல் எங்கே?" என்று நடுவிலேயே கேட்டுவிட்டார்.

"எழுதி வச்சிருக்கா. பாடத்தான் ஆள் இல்லை. எழுதின இவளே இன்னும் முழுசா கேட்டதில்லை சாமி" என்றார் ஃபுல்வியா.

பாட ஆள் இல்லாத குரலை எதற்கு எழுதினாய் என்று டியோடாட்டாவிடம் கேட்டார். அவளுக்குக் காதில் விழவில்லை. ஃபுல்வியா பக்கத்தில் போய்த் திரும்பச் சொன்னார்.

"அது இல்லாம பாட்டு நிக்கலை சாமி" என்றாள்.

அது வாஸ்தவம்தான் என்று அவருக்கே தெரிந்தது. கை தானாக அந்தப் புத்தகத்தைத் திறந்தது. உதடுகள் முணுமுணுத்தன.

"விட்டுடுங்க சாமி. நடுவுல கஷ்டமான இடமெல்லாம் வருது. நீங்க பாட்டை விட்டு இருபது வருஷமாச்சு. இப்ப உங்களுக்கு வராது" என்றார் ஃபுல்வியா, மிகவும் பரிவாக.

சாமிக்குச் சுருக்கென்றது.

"எனக்கா வராது? ஆரம்பிங்க."

முதல் தடவை இரண்டு இடத்தில் இடறினார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை குரல் திறந்துகொண்டது. அப்பா, என்ன குரல். தரை அதிர்ந்தது. டியோடாட்டா எழுந்து வந்து, மடத்து விதி என்று ஒன்று இருப்பதையே மறந்து, இடது காதை அவர் தோளருகே கொண்டுபோய் நின்றாள். அவள் கண்களிலிருந்து தாரைதாரையாக வழிந்தது. மூன்றாம் தடவை யாரும் கேட்கவே இல்லை, அவரே ஆரம்பித்தார்.

முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு அதிகாரியாக மாறினார். ஆண் எவரும் இல்லை, புகார் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கு நடந்தது இந்தச் சுவரைத் தாண்டக்கூடாது என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். மொட்டைக் கடிதம் எழுதியவனைக் கண்டுபிடித்தால் தோலை உரிக்காமல் விடமாட்டேன் என்று வாசல்வரைக்கும் திட்டிக்கொண்டே போனார். ஆனால் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

கதவைத் தாழிட்டதும் டியோடாட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காது மங்கியவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டாள்.

"நம்ம வாயில மண்ணைப் போடப் பார்த்த பாவி யாரா இருக்கும்மா?"

ஃபுல்வியா அவளுடைய இடது காதுப் பக்கம் குனிந்தார்.

"நான்தான்டி. பாடத் தெரிஞ்ச ஆம்பளைங்கள்ல இந்த வாசலைத் தாண்டி உள்ள வர அவர் ஒருத்தருக்குத்தானே அனுமதி இருக்கு?"