தாங்கும் கை

வெண்கலத்தில் வார்ப்பதற்காக, மன்னராகிய ஓபாவின் உருவத்தைச் சிற்பி அகென்சுவா மெழுகில் வடித்துக்கொண்டிருந்தார். பவள வடங்கள் கனத்த அரசரின் வலக்கையை விடியல் முதல் தாங்கி நின்ற ஏவலன் எஃபோசாவுக்குத் தோள் மரத்துப்போயிற்று. மன்னன் கை தாழ்ந்தால், தாங்கியவன் தலை உருளும். அதுவே அந்த அரண்மனையின் சட்டம்!

"இன்னும் எவ்வளவு நேரம், அண்ணே?"

"உனக்கென்னடா, சும்மாதானே நிக்கிற!" என்றார் சிற்பி.

அப்போது மன்னர் உதடு அசையாமல் முணுமுணுத்தார்: "விட்டுடு, எஃபோசா. எனக்கும் வலிக்குது."

ஆணையா, சோதனையா? எஃபோசா சிற்பியைப் பார்த்தான். அவரோ செவிடரைப் போலக் குனிந்து, மெழுகு உருவத்தில் அவன் விரல்களையும் மன்னரின் கையோடு சேர்த்து வடித்தார்.

எஃபோசா தன் பிடியை இறுக்கினான். மன்னர் கண்களை மூடிக்கொண்டு, முழுப் பாரத்தையும் அவன்மேல் சாய்த்தார்.