லினக்ஸ் கேட்ட வீடு

"பைசல், விண்டோஸை அழிச்சிடாதே. பக்கத்துலயே லினக்ஸ் போடு. ஆன் பண்ணினா லினக்ஸ்தான் வரணும்" என்றாள் வைதேஹி.

அவள் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக் பைசலின் மண்டையை ஒரு கேள்வி குடைந்தது. திருவள்ளூரில் இதுவரை ஒரு வீட்டிலும் அவனிடம் லினக்ஸ் கேட்டதில்லை.

"இத யாரு கத்துக்கப் போறாங்கக்கா?"

"யாருமில்லே. கும்மிடிப்பூண்டி கம்பெனியில ரிடையரானதுலேர்ந்து மாமனார் பொழுதுக்கும் இதுல சீட்டாடறார். என் டேட்டா என்ட்ரி வேலை கெடறது. எழுந்திருங்கோன்னு நான் சொல்ல முடியுமா? லினக்ஸ் வந்தா, புரியாம அவரே எழுந்துடுவார்."

மறுநாள் வைதேஹி போன் செய்தாள். "பைசல், உடனே வந்து லினக்ஸை எடுத்துடு."

"இன்னாக்கா, மாமனாரு எய்ந்துக்கலையா?"

"விண்டோஸ்ல சீட்டாட்டம் நாலு வகைதானாம். இதுல எழுபது இருக்காம். சந்தியாவந்தனத்துக்குக்கூட எழுந்துக்கலே!"